விசிறி மோட்டாரிலிருந்து ராணுவ ட்ரோனுக்கு: மானியம் கேட்கும் முன்

கேள்வி: கோவை கணபதியில் பத்து வருடமாக ஒரு பட்டறை நடத்துகிறேன். 14 பேர் வேலை செய்கிறார்கள். பிஎல்டிசி (பிரஷ் இல்லாத) சீலிங் ஃபேன் மோட்டாரும் அதற்கான கன்ட்ரோலர் போர்டும் செய்து பெரிய கம்பெனிகளுக்குக் கொடுக்கிறோம். ப்ரொப்ரைட்டர்ஷிப்தான்; உத்யம், ஜிஎஸ்டி எல்லாம் இருக்கிறது. மலைப்பகுதியில் சரக்கு தூக்கும் ராணுவ ட்ரோன்களுக்கு மோட்டாரும் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி போர்டும் இங்கேயே செய்ய வேண்டும் என்பது என் ஆசை. பாதுகாப்பு அமைச்சகத்தின் ஐடெக்ஸ் புத்தாக்கத் திட்டத்தில் 1.5 கோடி ரூபாய் கிடைக்கும் என்று ஓர் ஆலோசகர் சொல்கிறார்; கிடைத்தால் அதில் 8 சதவீதம் அவருக்கு. என் கையில் 40 லட்சம் இருக்கிறது. பற்றாக்குறைக்கு வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கலாமா? இதைவிட விண்வெளித் துறை மானியம் சுலபம் என்றும் சிலர் சொல்கிறார்கள். எந்தப் பக்கம் போவது?

பதில்:

வீட்டுப் பத்திரத்தை வைக்காதீர்கள். உங்கள் யோசனையில் குறை இருப்பதால் அல்ல. உங்களிடம் இருக்கும் பணத்துக்கு ஏற்ற அளவில் மானியம் கேட்டால் கடன் தேவைப்படாது என்பதால் சொல்கிறேன்.

ஆலோசகர் உங்களிடம் பாதிக் கணக்கைத்தான் சொல்லியிருக்கிறார். ஐடெக்ஸின் ஸ்பார்க் மானியத்தில் உச்சவரம்பு 1.5 கோடி என்பது சரி. ஆனால் அது திட்டச் செலவில் பாதிதான். மீதிப் பாதியை விண்ணப்பதாரர் போட வேண்டும். 1.5 கோடி வாங்க வேண்டுமானால் 3 கோடி ரூபாய்த் திட்டத்தைக் காட்டி, உங்கள் பங்காக 1.5 கோடியைக் கொண்டுவர வேண்டும். ஐடெக்ஸ் பிரைமில் 10 கோடி, 2024-இல் வந்த அதிதி திட்டத்தில் 25 கோடி என்று வரம்பு உயர்ந்தாலும் பங்கு போடும் இந்த விதி கூடவே வருகிறது. அமெரிக்காவில் 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே சிறு நிறுவனங்களுக்குத் தரும் ஆராய்ச்சிப் பணத்தில், முதல் கட்டமான சாத்தியக்கூறு ஆய்வுக்குச் சொந்தப் பங்கு கேட்பதில்லை. சின்னத் தொகை, ஆறு மாதம், யோசனை தேறுமா என்று பார்ப்பதோடு சரி. நம்மிடமும் அப்படி ஒரு முதல் படி வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது வரும்வரை அந்த முதல் படியை நீங்கள் உங்கள் காசில்தான் ஏற வேண்டியிருக்கிறது.

உங்கள் 40 லட்சத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்றால்: 12 லட்சத்தைத் தொடவே கூடாது. மானியம் ஒரே நாளில் வராது. மைல்கல் முடித்து, அறிக்கை கொடுத்து, அதைச் சரிபார்த்த பிறகு தவணையாக வரும். ஒரு மைல்கல் முடிந்ததற்கும் அதற்கான பணம் வங்கியில் ஏறுவதற்கும் இடையில் சம்பளம், ஜாப் ஒர்க் பில், பிசிபி ஆர்டர் எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த இடைவெளியில்தான் சிறு பட்டறைகள் மூச்சுத் திணறுகின்றன. எனவே 12 லட்சம் நடைமுறை மூலதனம். மீதி 28 லட்சம் ரொக்கப் பங்கு. ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் வைண்டிங் மெஷின், பேலன்ஸிங் மெஷின் போன்றவற்றின் மதிப்பில் ஒரு 7 லட்சத்தைப் பொருள்பங்காகக் காட்டலாம். ஆனால் எதை, எந்த மதிப்பில் ஏற்பார்கள் என்பதை ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆக உங்கள் பங்கு 35 லட்சம், மானியம் 35 லட்சம், திட்டம் 70 லட்சம். ஒரு மோட்டார், ஒரு இஎஸ்சி, இரண்டையும் சோதித்து நிரூபிக்க இது போதும். 3 கோடி ரூபாய்த் திட்டம் முழு ட்ரோன் செய்பவர்களுக்கானது.

மானியம் ஆடிட் கணக்கில் வருமானமாகப் பார்க்கப்பட வாய்ப்புண்டு. விண்ணப்பம் போடும் முன்பே உங்கள் ஆடிட்டரிடம் இதைப் பேசிவிடுங்கள்.

அடுத்தது நிறுவன வடிவம். ப்ரொப்ரைட்டர்ஷிப்பை வைத்து இந்த வழியில் நடப்பது கடினம். ஐடெக்ஸ் மூன்று வகையினரை ஏற்கிறது: டிபிஐஐடி (மத்திய தொழில் ஊக்குவிப்புத் துறை) அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்கள், குறு சிறு நடுத்தர நிறுவனங்கள் உட்படக் கம்பெனிச் சட்டத்தில் பதிவான இந்தியக் கம்பெனிகள், தனிநபர் கண்டுபிடிப்பாளர்கள். இங்கே பலர் செய்யும் தவறு, பழைய தொழிலை அப்படியே ஒரு புதிய பிரைவேட் லிமிடெட்டுக்குள் தூக்கி வைத்து ஸ்டார்ட்அப் அங்கீகாரம் கேட்பது. ஏற்கெனவே நடக்கும் தொழிலைப் பிரித்தோ மறுசீரமைத்தோ உருவாக்கிய நிறுவனத்துக்கு அந்த அங்கீகாரம் கிடையாது. நீங்கள் பிரைவேட் லிமிடெட் ஆகி, புதிதாக உத்யம் பதிவு செய்து, எம்எஸ்எம்இ ஆகவே விண்ணப்பிப்பதுதான் நேர்வழி. ஸ்டார்ட்அப் என்ற பட்டம் இல்லாததால் இந்தத் திட்டத்தில் கதவு அடைபடுவதில்லை.

எந்தச் சவாலில் நுழைவது என்பதும் முக்கியம். ஐடெக்ஸ் 2018 ஏப்ரலில் சென்னையில் நடந்த பாதுகாப்புக் கண்காட்சியில் தொடங்கப்பட்டது. எச்ஏஎல், பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஆகிய இரு பொதுத்துறை நிறுவனங்களின் பணத்தில் உருவான ஓர் அமைப்பு அதை நடத்துகிறது. சுற்றுச் சுற்றாக வெளியாகும் டிஸ்க் சவால்களில் தரைப்படையோ கடற்படையோ விமானப்படையோ தங்களுக்கு வேண்டியதைச் சொல்லியிருக்கும். அங்கே கேட்டிருப்பது பெரும்பாலும் முழுச் சாதனம். ‘இவ்வளவு உயரத்தில் இவ்வளவு எடை தூக்கும் ட்ரோன்’ என்ற சவாலுக்கு ‘என்னிடம் நல்ல மோட்டார் இருக்கிறது’ என்று பதில் எழுதினால் முதல் சல்லடையிலேயே விழுந்துவிடும். ஓபன் சேலஞ்சில் உங்கள் யோசனையை நீங்களாகவே முன்வைக்கலாம். ஆனால் படைகளில் யாராவது ஒருவர் ‘இது எங்களுக்கு வேண்டும்’ என்று சொல்லாவிட்டால் அது நகராது. கோவையிலேயே கொடிசியா என்ற சிறுதொழில் சங்கத்தின் பாதுகாப்புத்துறைப் புத்தாக்க மையம் இருக்கிறது. விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஒரு பக்கக் குறிப்போடு போய், எந்தப் பயனர் பிரிவிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள்.

பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் தொழில்நுட்ப வளர்ச்சி நிதி இன்னொரு வழி. அது திட்டச் செலவில் 90 சதவீதம் வரை தருகிறது, உச்சவரம்பு 50 கோடி. கேட்டால் இனிக்கிறது. ஆனால் அங்கே தலைப்பை அவர்கள்தான் வெளியிடுவார்கள். உருவாகும் அறிவுசார் சொத்து டிஆர்டிஓவோடு கூட்டாக இருக்கும். உங்கள் மோட்டாரோடு பொருந்தும் தலைப்பு வந்தால் யோசிக்கலாம். அதுவரை இணையதளத்தை மாதம் ஒருமுறை பார்த்து வைத்தால் போதும்.

உங்கள் நிலையில் நான் முதலில் தேடுவது மானியத்தை அல்ல, ஏற்கெனவே ராணுவத்துக்கு ட்ரோன் கொடுக்கும் அல்லது ஐடெக்ஸில் வென்றிருக்கும் ஒரு நிறுவனத்தை. அவர்களுடைய ட்ரோனில் உங்கள் மோட்டாரை மாட்டிப் பறக்கவிட ஒரு கடிதம் கிடைத்தால், விண்ணப்பத்தில் அதைவிடக் கனமான தாள் வேறொன்று இருக்காது. வாங்குபவரும் தயார், சோதிக்க ட்ரோனும் தயார் என்று ஆகிவிடும்.

இனி பொருளுக்கு வருகிறேன். ஃபேன் மோட்டார் செய்பவர் ட்ரோன் மோட்டாரை ‘அதேதான், கொஞ்சம் வேகம் கூடுதல்’ என்று நினைத்து இறங்கினால் ஆறு மாதம் வீணாகும்.

முதலில் இரும்பு. சீலிங் ஃபேன் நிமிடத்துக்கு 350 சுற்று சுற்றுகிறது; அதில் மின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸைத் தாண்டுவதில்லை. 14 ஜோடித் துருவம் உள்ள ட்ரோன் மோட்டார் 4,000 சுற்றில் ஓடும்போது அது 933 ஹெர்ட்ஸ். சுழல் மின்னோட்ட இழப்பு அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கும் மோட்டாருக்குள் அடுக்கும் இரும்புத் தகட்டின் தடிமனின் வர்க்கத்துக்கும் ஏற்பக் கூடும். நீங்கள் வழக்கமாக வாங்கும் 0.5 மில்லிமீட்டர் தகட்டுக்கும் 0.2 மில்லிமீட்டர் தகட்டுக்கும் இடையில் தடிமனால் மட்டுமே ஆறு மடங்குக்கு மேல் வித்தியாசம். 0.5 தகட்டில் ஸ்டேட்டர் (சுற்றாத உள்பகுதி) செய்த மோட்டார் பெஞ்சில் நன்றாகச் சுற்றும், பத்து நிமிடத்தில் கை வைக்க முடியாத அளவு சுடும். முதல் சில ஸ்டேட்டர்களை வயர்கட்டில் வெட்டுங்கள். தகடு வெட்டும் டையில் இப்போதே பணம் போட வேண்டாம். லேசரில் வெட்டினால் விளிம்பில் காந்தத்தன்மை கெடும், மெல்லிய பல்லில் அது பெரிய பங்காகிவிடும். தகடுகளை ரிவிட் அடிக்காமல் பசையில் ஒட்டுங்கள். ரிவிட் தகட்டுக்குத் தகடு ஷார்ட் ஆக்கி, மெல்லிய தகடு வாங்கிய பலனையே அழித்துவிடும்.

இரண்டாவது உயரம். 5,000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் 60 சதவீதம்தான். அதே ப்ரொப்பெல்லரில் அதே தூக்குவிசை வேண்டுமானால் சுற்று ஏறக்குறைய 30 சதவீதம் கூட வேண்டும். மின்சக்தியும் ஏறக்குறைய 30 சதவீதம் கூடும். கோவையில் மிதக்க 480 வாட் எடுத்த மோட்டார் அங்கே 620 வாட் எடுக்கும். அதே நேரத்தில் அதைக் குளிர்விக்க வேண்டிய காற்று மெலிந்து போயிருக்கும். அங்கே குளிர்தானே என்று நினைத்து இஎஸ்சியின் ஹீட்சிங்க்கைச் சின்னதாக்கிவிடாதீர்கள். கேவி மதிப்பை (ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்பதை) கோவை அளவீட்டை வைத்து முடிவு செய்தால் மலையில் த்ராட்டில் உச்சத்தில் முட்டி நிற்கும், காற்றடித்தால் சமாளிக்கக் கையிருப்பு இருக்காது.

மூன்றாவது குளிர். சாதாரண லித்தியம் கிரீஸ் மைனஸ் 20-க்குக் கீழே கெட்டியாகும். சென்சார் இல்லாத இஎஸ்சி, தொடங்கும் கணத்தில் மோட்டாரிலிருந்து வரும் மிகச் சிறிய மின்னழுத்தத்தை வைத்து ரோட்டாரின் நிலையைக் கணிக்கிறது. பேரிங் இறுகியிருந்தால் கணிப்பு தவறும், மோட்டார் உதறிவிட்டு நின்றுவிடும். நான்கில் ஒன்று இப்படி நின்றாலும் ட்ரோன் கிளம்பும்போதே கவிழும். குறைந்த வெப்பநிலைக்கான செயற்கை கிரீஸ் உள்ள பேரிங்கைக் கேட்டு வாங்குங்கள். போர்டில் அலுமினிய எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களும் கடுங்குளிரில் தங்கள் வேலையைச் சரியாகச் செய்யாது. பாலிமர் வகையையும் செராமிக்கையும் கலந்து போடுங்கள். ஃபேனில் நீங்கள் போடும் ஃபெர்ரைட் காந்தத்துக்கு இன்னொரு குணம் உண்டு: வெப்பத்தில் அல்ல, குளிரில்தான் அது எதிர்க்காந்தப் புலத்துக்கு எளிதில் தோற்கும். எனவே செலவைக் குறைக்க ஃபெர்ரைட்டை இங்கே கொண்டுவரும் எண்ணம் வேண்டாம்.

நான்காவது மின்னழுத்தம். 12 செல் பேட்டரி முழுச் சார்ஜில் 50.4 வோல்ட். அதற்கு 60 வோல்ட் மாஸ்ஃபெட் (மின்சாரத்தை வேகமாக இணைத்துத் துண்டிக்கும் டிரான்சிஸ்டர்) போதும் என்று தோன்றும். போதாது. பேட்டரியிலிருந்து வரும் நீள ஒயரின் இண்டக்டன்ஸும், த்ராட்டிலைச் சட்டென்று இறக்கும்போது மோட்டார் திருப்பித் தள்ளும் மின்சாரமும் சேர்ந்து 60-ஐ எளிதாகத் தாண்டும். 100 வோல்ட் மாஸ்ஃபெட் போட்டு, கெபாசிட்டரை ஒயரின் முனையில் இல்லாமல் மாஸ்ஃபெட்டை ஒட்டி வையுங்கள். பெஞ்சில் ஓர் அடி ஒயரோடு நூறு முறை ஓடிய போர்டு, ட்ரோனில் ஒரு மீட்டர் ஒயரோடு முதல் நாளே எரிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இப்போது காந்தம். இதுதான் தொழில்நுட்பமும் சட்டமும் ஒன்றாகக் கழுத்தைப் பிடிக்கும் இடம். நியோடைமியம் காந்தத்தில் சாதாரண கிரேடு 80 டிகிரி வரைதான். உங்களுக்கு 150 டிகிரி தாங்கும் எஸ்எச் கிரேடாவது வேண்டும். அந்தத் தாங்குதிறன் பெரும்பாலும் டிஸ்ப்ரோசியம், டெர்பியம் சேர்ப்பதால் வருகிறது. 2025 ஏப்ரலில் சீனா அவை உட்பட ஏழு அரிய மண் தனிமங்களுக்கும் அவற்றைக் கொண்ட காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தது. அங்கிருந்து காந்தம் வேண்டுமானால் இறுதிப் பயனர் சான்று கேட்கிறார்கள். ராணுவப் பயன்பாடு இல்லை என்று உறுதி கொடுக்கச் சொல்கிறார்கள். ஃபேனுக்கு என்று கையெழுத்துப் போட்டு வாங்கிய காந்தத்தை ராணுவ மோட்டாரில் ஒட்டாதீர்கள். பொய் உறுதியாகும், ஒருநாள் சப்ளை நின்றால் ஆர்டரும் நிற்கும். ஜப்பானிய மூலத்திலிருந்து விலை, கிடைக்கும் காலம் இரண்டையும் விண்ணப்பத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். விலை கூடுதலாகவே இருக்கும், அதையே திட்டச் செலவில் காட்டுங்கள். சமேரியம்-கோபால்ட்டில் ஒரு மாற்று வடிவமைப்பும் தாளில் தயாராக இருக்கட்டும். காந்த வலிமை குறைவதால் மோட்டார் கொஞ்சம் கனக்கும். சமேரியமும் அதே கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பதால், இதிலும் மூலம் எது என்ற கேள்வி உங்களை விடாது.

மற்ற பாகங்களுக்கும் இதே கவனம் வேண்டும். 2025 பிப்ரவரியில் பாதுகாப்பு அமைச்சகம் சீன மின்னணு பாகங்கள் இருந்த காரணத்தால் 400 சரக்கு ட்ரோன்களுக்கான ஒப்பந்தங்களை ரத்து செய்தது. பில் ஆஃப் மெட்டீரியல் என்ற பாகப் பட்டியலில் ஒவ்வொரு ரெசிஸ்டருக்கும் எதிரே உற்பத்தியான நாடு என்று ஒரு பத்தி இருக்க வேண்டும். உள்நாட்டு வடிவமைப்புப் பிரிவில் கொள்முதல் நடக்க, பொருளின் மதிப்பில் குறைந்தது 50 சதவீதம் உள்நாட்டு உள்ளடக்கம் தேவை. கடைசியில் ஆடிட்டரிடம் கொடுத்துக் கணக்குப் போடச் சொன்னால் 40-இல் நின்றுவிடும். வடிவமைக்கும்போதே கணக்குப் போடுங்கள்.

போர்டுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரிலும் ஒன்று. இணையத்தில் கிடைக்கும் வெஸ்க் போன்ற திறந்த மூல நிரல்கள் ஜிபிஎல் உரிமத்தில் வருகின்றன. அதை அடிப்படையாக வைத்துப் பொருளை விற்றால், வாங்குபவருக்கு மூல நிரலைக் கொடுக்கும் கடமை உங்களுக்கு வந்துவிடும். கற்றுக்கொள்ளப் பயன்படுத்துங்கள். கொடுக்கும் பொருளில் உங்கள் சொந்த நிரல்தான் இருக்க வேண்டும்.

சோதனைக்கு வருவோம். திட்டம் தாமதமாகும் இடம் இதுதான். மின்னணு சாதனங்களுக்கு ஜேஎஸ்எஸ் 55555 தரப்படி அதிர்வு, குலுக்கல், உயர்வெப்பம், கடுங்குளிர், ஈரவெப்பம், குறைந்த அழுத்தம், தூசி, மழை என்று வரிசை நீளும். மின்காந்தக் குறுக்கீட்டுக்கு மில்-எஸ்டிடி-461. இதில் சிஇ102 என்ற சோதனை 10 கிலோஹெர்ட்ஸிலிருந்து 10 மெகாஹெர்ட்ஸ் வரை மின்கம்பி வழியே வெளியேறும் இரைச்சலைப் பார்க்கிறது. உங்கள் இஎஸ்சி 20 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஸ்விட்ச் ஆகிறது என்றால், அதுவும் அதன் மடங்குகள் அத்தனையும் இந்த வரம்புக்குள்தான் விழும். ஃபேன் போர்டுகள் இந்தச் சோதனையை அருகில்கூடப் பார்த்திருக்காது. முதல்முறை தேறும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

அதனால் பரிசோதனைக்கூடத்துக்குப் போகும் முன் பட்டறையிலேயே ஒத்திகை பாருங்கள். மின்கம்பி இரைச்சலைப் பிரித்தெடுக்கும் ஒரு லிஸ்ன், ஒரு ஸ்பெக்ட்ரம் அனலைசர், கையில் பிடிக்கும் அளவிலான ப்ரோப் இரண்டு. இவற்றை வைத்து எந்த இடத்திலிருந்து இரைச்சல் கிளம்புகிறது என்று கண்டுபிடித்துவிடலாம். மூன்று ஃபேஸ் ஒயர்களை ஒன்றாக முறுக்குவது, மாஸ்ஃபெட் கேட் ரெசிஸ்டரைக் கொஞ்சம் கூட்டி ஸ்விட்ச் ஆகும் வேகத்தைக் குறைப்பது, உள்ளே வரும் கம்பியில் காமன்மோட் சோக் போடுவது ஆகிய மூன்றும் சேர்ந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். கேட் ரெசிஸ்டரைக் கூட்டினால் மாஸ்ஃபெட் கூடுதலாகச் சூடாகும். எனவே வெப்பச் சோதனையை அதற்குப் பிறகு மறுபடி நடத்துங்கள், பழைய அளவீட்டை அறிக்கையில் ஒட்டாதீர்கள். சென்னை தரமணியில் சமீர் என்ற மத்திய அரசு ஆய்வு மையத்தில் மின்காந்தச் சோதனை செய்யலாம். மோட்டாரின் அடிப்படை அளவீடுகளுக்குக் கோவையிலேயே சிடார்க் சோதனைக்கூடம் இருக்கிறது. சோதனைக்கூடத்தில் தேதி கிடைக்க நாளாகும் என்பதால் வடிவமைப்பு முடிந்த வாரமே முன்பதிவு செய்யுங்கள். சோதனைக்கு மூன்று செட் கொண்டுபோங்கள். ஒன்று விழுந்தாலும் மற்ற சோதனைகள் ஓடிக்கொண்டிருக்கும்.

70 லட்சத்தை நான் இப்படிப் பிரிப்பேன்: தகடு, காந்தம், கம்பி, பேரிங் உட்பட மோட்டார் பாகங்களுக்கு 14 லட்சம், பிசிபி, மின்னணு பாகங்கள், அசெம்பிளிக்கு 10, தூக்குவிசை அளக்கும் பெஞ்ச், அளவு கருவிகளுக்கு 8, இரண்டு பொறியாளர், ஒரு டெக்னீசியன் சம்பளத்துக்கு 18, வெளிச் சோதனைகளுக்கு 12, பறக்கவிடும் சோதனைக்கும் பயணத்துக்கும் 8. சோதனைக்கு 12 லட்சம் அதிகம் என்று யாராவது குறைக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். மறுசோதனைக்கும் சேர்த்துத்தான் அந்தத் தொகை.

மைல்கற்களை எழுதும்போது பெருமைக்காக எழுதக் கூடாது. ‘உலகத்தரமான மோட்டார் உருவாக்கப்படும்’ என்று எழுதினால் அது முடிந்ததா இல்லையா என்பதை முடிவு செய்யும் உரிமையை எதிரில் இருப்பவரிடம் கொடுத்துவிடுகிறீர்கள். ‘44.4 வோல்ட்டில், 25 டிகிரி சூழலில், 4 கிலோ தூக்குவிசையை 30 நிமிடம் தொடர்ந்து கொடுக்கும். வைண்டிங் வெப்பம் 110 டிகிரியைத் தாண்டாது. மூன்று மாதிரிகளில் நிரூபிக்கப்படும்’ என்று எழுதுங்கள். அறிக்கையைப் பார்த்தவுடன் ஆம், இல்லை என்று சொல்லிவிடலாம், தவணையும் நிற்காது. பயனர் கையில் நடக்கும் களச் சோதனையை எந்தத் தவணைக்கும் நிபந்தனையாக வைக்காமல் இருக்க முடிந்தவரை பேசிப் பாருங்கள். அதன் தேதி உங்கள் கையில் இல்லை. பனிக்காலம் தாண்டிவிட்டால் அடுத்த பனிக்காலம்தான்.

மாதிரி தேறினாலும் ஆர்டர் உடனே வராது. தேவை ஏற்பு, விலைக் கோரிக்கை, பேச்சுவார்த்தை என்று 2020-ஆம் ஆண்டுக் கொள்முதல் நடைமுறையின் படிகள் இருக்கின்றன. அந்தக் காலம் முழுவதும் பட்டறையைச் சுமக்கப்போவது உங்கள் ஃபேன் மோட்டார்தான். அந்த ஆர்டர்களைக் குறைக்க வேண்டாம். அதே மோட்டாரை விவசாய ட்ரோன் செய்பவர்களிடமும் கொண்டுபோங்கள்.

ஆலோசகரை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கிடைத்தால் 8 சதவீதம் என்ற பேரம் அவரை மானியத்தின் அளவைப் பெரிதாக்கத் தூண்டும். அந்தப் பெரிய அளவுக்குப் பங்கு போடுவது நீங்கள். மானியக் கணக்கில் அந்தத் தொகையைச் செலவாகக் காட்டவும் முடியாது. தேர்வுக் குழுவின் முன் நின்று காந்த கிரேடு ஏன், தகட்டின் தடிமன் ஏன் என்று பதில் சொல்லப்போவதும் நீங்கள்தான். ஆங்கிலத்தில் எழுதத் தயக்கம் என்றால் உங்கள் பொறியாளரையோ அருகில் உள்ள கல்லூரிப் பேராசிரியரையோ உட்கார வைத்து, பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து எழுதுங்கள்.

புதுமை என்று நீங்கள் நம்பும் பகுதிக்கு, குழுவின் முன் விளக்கும் முன்பே தற்காலிகக் காப்புரிமை விண்ணப்பம் போட்டுவிடுங்கள். சிறு நிறுவனத்துக்கு மின்வழியில் 1,600 ரூபாய்தான். முழு விவரணம் கொடுக்க 12 மாதம் இருக்கிறது. வெளிநாட்டில் விண்ணப்பிப்பதற்கு முன் 39-ஆம் பிரிவின்படி அனுமதி வாங்க வேண்டும். பாதுகாப்பு சார்ந்த பொருளில் இதை மறந்தால் குற்றமாகிவிடும்.

கணக்கில் ஒரே ஒரு எச்சரிக்கை. மானியத்துக்குத் தனி வங்கிக் கணக்கு திறங்கள். கோவையில் டர்னிங், கிரைண்டிங் வேலையைப் பில் இல்லாமல் ரொக்கத்தில் முடிப்பது வழக்கம். இந்தத் திட்டத்தில் பில் இல்லாத ஒரு ரூபாய்கூடச் செலவாக நிற்காது. செலவுச் சான்றிதழில் ஆடிட்டர் கையெழுத்துப் போட மறுத்தால் அடுத்த தவணை அப்படியே தொங்கும். மைத்துனர் பட்டறையில் வேலை கொடுத்தால் வேறு இரண்டு இடத்தில் வாங்கிய விலைப்புள்ளியையும் கோப்பில் வையுங்கள்.

விண்வெளி சுலபம் என்று சொல்பவர்கள் மானியத்தின் சதவீதத்தை மட்டும் பார்க்கிறார்கள். விண்வெளித் துறையில் தனியாரை ஊக்குவிக்கும் மத்திய அரசு அமைப்பான இன்-ஸ்பேஸின் 500 கோடி ரூபாய்த் தொழில்நுட்ப ஏற்பு நிதி, ஸ்டார்ட்அப்களுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் திட்டச் செலவில் 60 சதவீதம் வரை, ஒரு திட்டத்துக்கு 25 கோடி வரை தருகிறது. உண்மையிலேயே நல்ல நிதி. ஆனால் பெயருக்கேற்ப அது ஏற்கெனவே தொடக்கநிலையில் நிரூபித்த ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுபோவதற்கானது. உங்கள் கைத்திறனுக்கு அங்கே பொருந்தும் பொருள் ஒன்று இருக்கிறது: செயற்கைக்கோளைத் திருப்பும் எதிர்வினைச் சக்கரம். அதன் உள்ளே இருப்பதும் பிஎல்டிசி மோட்டார்தான். வேறுபாடு வெற்றிடத்தில் இருக்கிறது. சாதாரண கிரீஸ் அங்கே ஆவியாகி, பேரிங் காய்ந்துபோகும், ஆவியானது கேமரா லென்ஸில் படியும். எளிதில் ஆவியாகாத பிஎஃப்பிஇ வகை எண்ணெய் வேண்டும். வைண்டிங் வார்னிஷ், பசை, ஒயர் உறை அனைத்தும் ஏஎஸ்டிஎம் இ595 சோதனையில் மொத்த எடை இழப்பு 1 சதவீதத்துக்குள்ளும் படியும் ஆவி 0.1 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும். காற்றே இல்லாததால் மோட்டாரின் சூடு பெரும்பாலும் உலோகத்தின் வழியேதான் வெளியேறும். சக்கரத்தில் கடுகளவு சமநிலைக் குறை இருந்தாலும், அதனால் வரும் விசை சுற்றின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடி, எடுக்கும் படத்தை மங்கலாக்கும்.

ட்ரோன் மோட்டாரை முடித்த பிறகு இதற்கு வாருங்கள். அகமதாபாத்தில் உள்ள இன்-ஸ்பேஸ் தொழில்நுட்ப மையத்தில் அதிர்வுச் சோதனைக்கும் வெப்ப-வெற்றிடச் சோதனைக்கும் வசதி இருக்கிறது. விண்ணில் ஓட்டிப் பார்க்க, பிஎஸ்எல்வியின் நான்காம் நிலையையே ஆய்வுத் தளமாக்கும் போயம் இருக்கிறது. 2024 டிசம்பர் 30 அன்று கிளம்பிய பிஎஸ்எல்வி-சி60-இல் போயம்-4 சுமந்த 24 கருவிகளில் 10 இஸ்ரோவுக்கு வெளியே இருந்து வந்தவை. ஒரே ஒரு வேலையை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். பிஎஃப்பிஇ எண்ணெய் போட்ட இரண்டு பேரிங் ஜோடிகளை ஒரு சின்ன வெற்றிட அறையில் ஓடவிட்டு, எடுக்கும் மின்னோட்டத்தை வாரம் ஒருமுறை குறித்து வையுங்கள். ஆயுள் சோதனையை எவ்வளவு பணம் கொடுத்தாலும் வேகமாக்க முடியாது. பேரிங்கைக் கூடுதல் வேகத்தில் ஓட்டினால் எண்ணெய்ப் படலமே வேறு விதமாக நடந்துகொள்ளும் என்பதால், அந்த அளவீட்டை யாரும் ஏற்க மாட்டார்கள்.